பெயர் இருந்த இடத்தில் நட்சத்திரம்

பிப்ரவரி 3

இன்று ஒரு நட்சத்திரத்துக்காக மூன்று பேர் இரண்டரை மணி நேரம் சண்டை போட்டோம். வானத்து நட்சத்திரம் இல்லை. கீபோர்டில் எட்டாம் எண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே, அது.

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு நாற்பத்திரண்டு வயதில் மறுபடி வேலைக்குப் போகிறவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். மார்ச் 31 வரை ப்ரொபேஷன். அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று தெரியும். இருந்தும் வாய் கேட்கவில்லை.

சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். நூல் மில்களுக்கு டேட்டாபேஸ் செய்கிறோம். மில்லில் ஒவ்வொரு மெஷினிலும் சூடு பார்க்கிற கருவி இருக்கும். அது சொல்வதையெல்லாம் வாங்கி அடுக்கி, மில்காரர்கள் போனுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். தபால் விலாசம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை உண்டு. மில், ஹால், மெஷின், வெப்பம் என்று படிப்படியாக எழுதி நடுவில் புள்ளி வைப்போம். எல்லா மெஷினும் வேண்டுமென்றால் மெஷின் பெயர் வருகிற இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் போதும். அங்கே எந்தப் பெயர் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? இருக்கிறதே! பழைய விதிப்படி நட்சத்திரம் நடுவில் வந்தால் ஒரே ஒரு படி. கடைசியில் வந்தால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனையும்.

"அதென்ன சார், பந்தியில நடுவுல உக்காந்தவனுக்கு ஒரு கரண்டி, கடைசியில உக்காந்தவனுக்கு அண்டாவோடயா?" என்று கேட்டேன்.

முதலாளி சபாபதி சார் சிரிக்கவில்லை. "எட்டு வருசமா அப்படித்தான் மேடம் ஓடுது. ஒருத்தரும் கேக்கல."

"கேக்கத் தெரியல சார்."

ஜெரால்டு மட்டும் முறுக்கைக் கடித்தபடி சிரித்தான். எங்கள் சோதனைப் பிரிவு மொத்தமும் அவன் ஒருவன்தான். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற பாக்கியவான்.

வீட்டுக்கு வந்து மகள் மிருதுளாவின் போனை சார்ஜில் போட எடுத்தேன். என் அக்கா ஸ்டேட்டஸில் நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். தற்செயலாகக் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 4

நட்சத்திரம் இன்னும் தீரவில்லை. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். இவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பாவம்.

பிப்ரவரி 7

ஜெயித்துவிட்டேன்! ஒற்றை நட்சத்திரம் எங்கே வந்தாலும் ஒரே ஒரு படி. இரட்டை நட்சத்திரம் வந்தால் எத்தனை படி வேண்டுமானாலும். கடைசி, நடு என்ற பாகுபாடு கிடையாது. நான் எழுதியதை சபாபதி சார் மூன்று முறை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஜெரால்டு விடுவானா? ஒரே பாதையை யாராவது இரண்டு முறை எழுதினால் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று ஒரு புது வால் ஒட்டினான். யாருக்குப் போகிற செய்தி என்று அது பார்க்காது, பாதையை மட்டும்தான் ஒப்பிடும். "இதனால ஒரு பிரயோசனமும் இல்ல தம்பி" என்றேன். "இருக்கட்டும்க்கா" என்றான். சரி, ஜெயித்தவள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சபாபதி சார் ஒரு நிபந்தனை வைத்தார். புது விதியை முதலில் பல்லடம் ரோட்டிலிருக்கும் அலர்மேல் மில்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மார்ச் 31 வரை அங்கிருந்து ஒரு புகாரும் வரக்கூடாது. வராவிட்டால் வேலை நிரந்தரம். வந்தால்?

"வந்தா பாக்கலாம் மேடம்" என்றார். பார்க்கலாம் என்று அவர் சொன்ன எதையும் அவர் பிறகு பார்த்ததே இல்லை என்று ஜெரால்டு சொல்கிறான்.

பிப்ரவரி 12

அலர்மேல் மில்லுக்குப் போய் வந்தேன். ஐயோ சாமி, இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை.

மில் இரண்டு அண்ணன் தம்பிகளுடையது. அண்ணன் நாச்சிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது, தம்பி காளியண்ணனுக்கு அறுபத்தாறு. ஏழு வருடத்துக்கு முன்னால் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் பொதுவில் இருக்கிறது. நூல் ஓடுகிற இரண்டாம் ஹாலை மட்டும் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். நடுவில் சுவர் எழுப்பினால் ஈரக்காற்று போகாது, நூல் அறுந்துவிடும். அதனால் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினாலு மெஷின் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் பதினாலு தம்பிக்கு. அன்றிலிருந்து இருவரும் பேச்சுமில்லை, கோட்டைத் தாண்டுவதுமில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே ஸ்பின்னிங் மாஸ்டர், துரைக்கண்ணு. மனிதர் கோட்டின் மேலேயே நின்று வேலை பார்க்கிறார்.

தம்பி என் எதிரில் நின்று சொன்னார். "மாஸ்டர், என்ற மெசின் விலாசத்துல என்ற பேரு இருக்கோணும்னு அந்த அம்மிணிகிட்ட சொல்லிப்போடுங்க."

மூன்றடி தள்ளி நின்ற அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாஸ்டர், அப்ப என்ற மெசினுக்கும் என்ற பேரு வரோணுமுங்க" என்றார்.

மாஸ்டர் இரண்டையும் எனக்கு மறுபடி ஒருமுறை சொன்னார். எனக்கும் காது இருக்கிறது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே இரண்டாம் ஹாலுக்கு மட்டும் பாதையில் ஒரு படி கூடிவிட்டது. தம்பியின் பத்தொன்பதாம் மெஷின் இப்படி வரும்:

அலர்மேல்.ஹால்2.காளியண்ணன்.மெஷின்19.வெப்பம்

செய்தி யாருக்குப் போக வேண்டும் என்ற விதியும் எளிது. அண்ணன் போனுக்கு:

அலர்மேல்.ஹால்2.நாச்சிமுத்து.*.வெப்பம்

தம்பிக்கும் அப்படியே, அவர் பெயரோடு. அவரவருக்கு அவரவர் மெஷின். ஒற்றை நட்சத்திரம் ஒரு படி தாண்டாது. எவ்வளவு சுத்தம்! பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19

மில்லில் பயிற்சி வகுப்பு. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் பேசினேன். தம்பி முன் வரிசையில் அந்தப் பக்கம், அண்ணன் பின் வரிசையில் இந்தப் பக்கம். அண்ணன் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

விதிகளை அவர்களே மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் இருக்கிறது, இங்கே தொட்டால் திறக்கும், இங்கே எழுதி இங்கே அழுத்தினால் போதும் என்றெல்லாம் காட்டினேன்.

முடிகிற நேரத்தில் கண்ணைத் திறக்காமலே அண்ணன் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, ஒத்த நட்சத்திரம் போட்டா, அந்த எடத்துல என்ன பேரு இருந்தாலும் ஒத்துக்குமுங்களா?"

"ஒத்துக்குமுங்க. மெஷின் பேரானாலும் சரி, ஆள் பேரானாலும் சரி." என் வகுப்பை ஒருவராவது கவனித்திருக்கிறாரே என்று குளிர்ந்துபோனேன்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் தம்பி பின்னாலேயே வந்தார். மாஸ்டர் இல்லாமல், நேராக என்னிடமே பேசினார். "அந்த ரெட்டை நட்சத்திரம் எத்தன ஆழம் போகுமுங்க?"

"அடி வரைக்கும் போகுமுங்க. ஒண்ணு விடாது."

"அப்படிங்களா! சும்மா ஒரு பொது அறிவுக்குத்தான் கேட்டனுங்க."

வயதான காலத்தில் எவ்வளவு ஆர்வம் பாருங்கள். வழியில் கீரை வாங்கினேன், முற்றல்.

பிப்ரவரி 24

ஜெரால்டு இன்று ஒரு ஓட்டை கண்டுபிடித்தான். விதி எழுதுகிற பக்கத்துக்கு வேலி இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பாதையை வேண்டுமானாலும் எழுதலாம். சபாபதி சாரிடம் சொன்னேன்.

"அடுத்த பதிப்புல பாக்கலாம் மேடம். அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் போன்ல குட்மார்னிங் அனுப்பவே ஆள் வேணும். நட்சத்திரமா போடப் போறாங்க?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

மிருதுளா போனில் இன்று தற்செயலாகப் பார்த்தேன். அக்கா முடிக்குச் சாயம் அடிப்பதை நிறுத்திவிட்டாள். நன்றாகவே இல்லை. யாராவது சொல்ல மாட்டார்களா?

மார்ச் 3

ஜெரால்டு ஒரு தாளோடு வந்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஷிப்டுக்கு ஒரு செய்தி, சூடு அளவு மீறினால் மட்டும் உடனே ஒரு எச்சரிக்கை. பதினாலு மெஷின், மூன்று ஷிப்டு. ஆளுக்கு நாற்பத்திரண்டு செய்திதான் போக வேண்டும். ஆனால் அண்ணனுக்கு எண்பத்து நான்கு, தம்பிக்கு இருநூற்றுப் பதிமூன்று போகிறதாம்.

"அவங்க புகார் சொன்னாங்களா?"

"இல்லக்கா. அதான் ஆச்சரியமா இருக்கு. இருநூறு மெசேஜ் வந்தா நான் போனையே தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அப்ப நீ எண்ணுறதுதான் தப்பு. போய் ஒழுங்கா எண்ணு."

போய்விட்டான். எனக்கு வேறு வேலை இருந்தது. நிஜமாகவே இருந்தது. மார்ச் 31க்கு இன்னும் இருபத்தெட்டு நாள், இப்போது போய் நானே எதையாவது கிளறுவேனா?

மார்ச் 11

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மதியம் மூன்றே காலுக்கு மாஸ்டர் துரைக்கண்ணு போன் செய்தார். மூச்சு வாங்குகிறது. "மேடம், பெரியவரு கோடு தாண்டிட்டாருங்க!"

"எந்தக் கோடு? என்ன ஆச்சுங்க?"

"மஞ்சக் கோடுங்க மேடம்! ஏழு வருசத்துல மொதத் தடவ! நான் என்ற கண்ணால பாத்தனுங்க!"

"எதுக்குத் தாண்டினார்?"

"தீப்பிடிச்சுதுங்க. பத்தொம்பதாம் மெசின்ல பேரிங்கி சூடாகி, பக்கத்துல பஞ்சு கருகிப்போச்சு. அது அணைஞ்சுபோச்சுங்க, அத விடுங்க. அவரு தாண்டிட்டாருங்க!"

ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் மெஷின் தம்பியுடையது. தம்பி கோபியில் ஒரு கல்யாணத்தில் இருந்திருக்கிறார். அவருக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது, ஆனால் நாளெல்லாம் போன் கத்துகிறது என்று சத்தத்தை அணைத்து வைத்திருந்தாராம். அண்ணன் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் போனைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடி, கோட்டைத் தாண்டி, சூடேறியிருந்த சிவப்புப் பொத்தானைக் கையால் அறைந்து மெஷினை நிறுத்தியிருக்கிறார். தீயணைப்பு உருளையையும் அவரே பிடுங்கி அடித்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதில்! பக்கத்தில் எட்டுப் பெண்கள் நூல் முடிந்துகொண்டு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தம்பி மெஷினின் சூடு அண்ணன் போனுக்கு எப்படிப் போயிற்று?

மார்ச் 12

போச்சுடா. புகார் வந்துவிட்டது. காளியண்ணன் கையெழுத்தோடு, ஒரு பக்கம். தன் மெஷின் விவரத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறார். மெஷினைக் காப்பாற்றியதற்கு ஒரு வரி நன்றி கிடையாது.

சபாபதி சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "உங்க நட்சத்திரம்தான் மேடம் கசியுது. பழைய விதியில இந்த மாதிரி வந்ததில்ல."

"நட்சத்திரம் கசியாது சார். என் பேர் வேணா கெடும்."

"ஆதாரம் கொண்டாங்க. பதினெட்டாம் தேதி மில்லுல மீட்டிங். இல்லன்னா முப்பத்தொண்ணாம் தேதி பத்தி நான் யோசிக்க வேண்டி இருக்கும்."

ஜெரால்டு நூற்று நாற்பது விதமாகச் சோதித்தான். எல்லாம் சரியாகவே வருகிறது. அப்படியென்றால் மில்லில் விதியைப் பதிந்தபோது என் விரல்தான் தவறியிருக்க வேண்டும். அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடம் துருப்பிடித்த விரல் என்று நாளைக்கு எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், அப்போதும் வலித்தது.

மார்ச் 14

யார் எந்த விதியை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் பதிவில் இருக்கும். பயத்தில் அதைத் திறக்காமலே இரண்டு நாள் ஓட்டினேன். இன்று திறந்தேன்.

என் விரல் தவறவில்லை. தவறவே இல்லை!

பிப்ரவரி 19, மாலை 5.40. வகுப்பு முடிந்து நாற்பதே நிமிடம். மாற்றியவர் நாச்சிமுத்து. தன் விதியில் தன் பெயரை அழித்துவிட்டு அங்கே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

அலர்மேல்.ஹால்2.*.*.வெப்பம்

இவர்தான் தூங்கிய மனிதர்! அண்ணன் பெயரானாலும் தம்பி பெயரானாலும் ஒத்துக்கொள்ளும். அச்சுப்பிசகாமல் இருக்கிறது, என் கையால் எழுதினால்கூட இதைவிடச் சுத்தமாக வராது.

அடுத்த வரியைப் பார்த்ததும் எழுந்து பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். பிப்ரவரி 20, காலை 6.05. மாற்றியவர் காளியண்ணன்.

அலர்மேல்.**.வெப்பம்

அண்ணனைப் பார்க்க வேண்டுமென்று ரெட்டை நட்சத்திரத்தை வீசி, மில்லில் சூடாகிற அத்தனையையும் வாரிக்கொண்டுவிட்டார். கேன்டீன் பாய்லர், ஜெனரேட்டர், பஞ்சு அடிக்கிற ப்ளோ ரூம், எல்லாம். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதிமூன்று செய்தி. மூன்று வாரமாக கேன்டீன் பாய்லர் சூட்டைப் பொறுத்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது புகார் எழுதியிருக்கிறார். அந்தச் சத்தம் தாங்காமல்தான் போனை ஊமையாக்கி வைத்திருக்கிறார், தன் மெஷின் எரிந்ததே தெரியாமல் போயிருக்கிறார்.

சபாபதி சாரிடம் இப்போதே காட்டினால் என் வேலை தப்பும். காட்டத்தான் போகிறேன். நான் என்ன தியாகியா?

மார்ச் 15

இன்னும் காட்டவில்லை. சார் மதியம்தான் வந்தார். வந்தபோது எனக்குத் தலைவலி.

மார்ச் 16

மிருதுளா கேட்டாள். "அம்மா, உங்களுக்கு பெரியம்மா ஸ்டேட்டஸ் பாக்கணும்னா கேட்டே வாங்கிக்கலாமே? எதுக்கு தினமும் சார்ஜ் போடறேன்னு எடுக்கறீங்க? சார்ஜ் தொண்ணூறு இருக்கு."

திட்டிவிட்டேன். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது? மிருதுளாவின் சடங்குச் சீரின்போது வாசலில் நின்ற அத்தானை நான் வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிடவில்லையாம், அக்கா பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன் என்று எத்தனை முறை சொல்வது? அன்றைக்கே அக்காவை என் போனில் பிளாக் செய்தேன். மூன்று வருடம் ஆகிறது. இதில் நான் எட்டிப்பார்க்க என்ன இருக்கிறது? போன் கையில் இருந்தது, கண் போனது, அவ்வளவுதான்.

பதிவை யாரிடமும் காட்டப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 18

மில்லில் மீட்டிங். ஹாலுக்கு ஓரத்திலுள்ள கண்ணாடி அறையில் போட்டிருக்கிற மேஜைக்கு அடியிலும் அந்த மஞ்சள் கோடு போகிறது. அண்ணன் இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு. தம்பி அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டு. மேஜையின் தலைமாட்டில், கோட்டின் மேல், மாஸ்டர். சபாபதி சார் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கேளுங்க!" என்று தம்பி மேஜையைத் தட்டினார். "எவன் திருட்டுத்தனமா நட்சத்திரத்தப் போட்டானோ, அவன் பேரு இன்னிக்கு வெளிய வரோணும்! என்ற மெசின எட்டிப்பாக்க இவருக்கு என்ன வேல?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். என் வேலை அதற்குள்தான் இருந்தது. ஒரே ஒரு சொடுக்கு. விரல் அதன் மேல் போய்விட்டது.

"வருமுங்க" என்றேன். "யார் மாத்தினாங்க, எந்தத் தேதி, எத்தன மணி, எல்லாமே இதுல பதிவாகி இருக்குங்க. பிப்ரவரி பத்தொம்பதுல இருந்து யார் யார் மாத்தினாங்களோ, ஒருத்தர் விடாம எல்லார் பேரும் வரும். இந்தச் சுவர்ல பெருசாவே போட்டுக் காட்டறேனுங்க. காட்டட்டுங்களா?"

'எல்லார்' என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். கொஞ்சம்தான்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். தம்பி தட்டிய கையை மேஜையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காது நுனியிலிருந்து மெல்லச் சிவந்தார்.

"பத்தொம்பதுல இருந்துங்களா?" என்றார்.

"பத்தொம்பது, இருபது. ரெண்டு நாளும் இருக்குங்க. இருபதாம் தேதி காலைல ஆறு மணி அஞ்சு நிமிசம் வரைக்கும்."

தம்பிக்குப் பெரிதாக ஒரு இருமல் வந்தது. "மாஸ்டர், டீ வரலீங்களா? வந்தவங்களுக்கு ஒரு டீகூடக் குடுக்காம என்ன மீட்டிங் இது?"

"அம்மிணி, அந்த வெளிச்சம் கண்ணுல அடிக்குது. மூடி வையுங்க" என்றார் அண்ணன்.

மூடினேன். சபாபதி சார் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். டீ வந்தது. ஐந்து பேரும் குடித்தோம். கடைசியில் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, "மாஸ்டர், பேரிங்கி மாத்தியாச்சான்னு கேளுங்க" என்றார்.

"மாத்தியாச்சுன்னு சொல்லுங்க மாஸ்டர்." தம்பி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அண்ணனுடைய வலது உள்ளங்கையில் கட்டு போட்டிருந்தது, அதை அவர் மடிக்குள் மறைத்து வைத்திருந்தார். "கை எப்படி இருக்குன்னு கேளுங்க மாஸ்டர்."

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார். "கொப்புளம்தான். ஒண்ணுமில்ல."

மாஸ்டர் பாவம், திறந்த வாயை மூடத் தெரியாமல் இருந்தார்.

வெளியே வரும்போது சபாபதி சார் கேட்டார். "என்ன மேடம் நடந்துச்சு உள்ள?"

"டீ நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

மார்ச் 20

காளியண்ணனிடமிருந்து கடிதம். "முந்தைய புகார் தவறுதலாக அனுப்பப்பட்டுவிட்டது. விரல் பட்டிருக்கும். நட்சத்திரத்தில் குற்றம் இல்லை."

ஒரு பக்கப் புகாரை விரல் பட்டு எழுதியிருக்கிறார். சபாபதி சார் அதை மூன்று முறை படித்துவிட்டு, "சரி, ஆனா இந்த மாதிரி இனிமே நடக்கக்கூடாது. முப்பத்தொண்ணுக்குள்ள வேலி போட்டாகணும். நீங்க மொதல்ல போட்ட விதியத் திருப்பி வையுங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க மெஷின் மட்டும்" என்றார்.

"போடறேன் சார். வேலின்னா ஒரு கதவும் வேணும்ல?"

"எதுக்குக் கதவு?"

"ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னா மட்டும் திறக்கற கதவு."

"அந்த ரெண்டு பேரா? சொல்லுவாங்க!" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அது போதும்.

மார்ச் 26

வேலி தயார். நான் முதலில் போட்ட விதிகளைத் திருப்பி வைத்தேன். அண்ணனுக்கு அண்ணன் பெயர், தம்பிக்குத் தம்பி பெயர். பிறகு இருவர் போனுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன். "உங்கள் மெஷின்களின் வெப்பத்தை எதிர்ப்பக்கத்தவர் பார்க்கச் சம்மதமா?"

தம்பியின் பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது. சம்மதம்.

அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 27

ஒன்றும் இல்லை. இவர் சட்டை காலர் கிழிந்திருந்தது, தைத்தேன். ஊசி இரண்டு முறை குத்தியது.

மார்ச் 28

நாச்சிமுத்து போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, அக்கட்டால இருந்து பதில் வந்துருச்சுங்களா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தருக்குச் சொன்னா வேலி எதுக்குங்க?"

"சொல்ல வேண்டாமுங்க. நானா சரின்னு போட்டு, அவன் மாட்டேன்னு போட்டிருந்தா, இந்த வயசுல எனக்கு அசிங்கமுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இருமுனாப் போதும்."

எனக்கு இரண்டு நாளாகவே தொண்டை கரகரப்பு. இவரைக் கேட்டால் சொல்வார். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

4.12க்குப் பதில் வந்தது. சம்மதம்.

மார்ச் 31

வேலை நிரந்தரம்! கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு சபாபதி சார், "உங்க நட்சத்திரம் கசியலன்னு ஒத்துக்கறேன் மேடம். ஆனா ஏதோ ஒண்ணு கசிஞ்சிருக்கு, அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றார். ஜெரால்டு முழு முறுக்குப் பொட்டலத்தையும் என் மேஜையில் வைத்தான். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன், இப்போது வயிறு சரியில்லை.

ஏப்ரல் 2

காலையில் ஆபீசுக்குப் போனதும் ஜெரால்டு கூப்பிட்டான். "அக்கா, நான் போட்ட வால் ஆடுது. வந்து பாருங்க."

அலர்மேல் மில்லில் நேற்றுச் சாயங்காலம் இரண்டு விதிகள் மாறியிருக்கின்றன. அண்ணன் 5.40க்குப் பழையபடியே தன் பெயரை அழித்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். தம்பி 5.52க்கு. இந்த முறை ரெட்டை நட்சத்திரம் இல்லை, கேன்டீன் பாய்லர் இல்லை. வகுப்பை எங்கேயோ, யாரிடமோ மறுபடி கேட்டிருக்கிறார். பன்னிரண்டே நிமிட இடைவெளி, ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் அப்படி வரும். அவரும் தன் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றை நட்சத்திரம் வைத்திருக்கிறார்.

அலர்மேல்.ஹால்2.*.*.வெப்பம்

அலர்மேல்.ஹால்2.*.*.வெப்பம்

கீழே ஜெரால்டின் எச்சரிக்கை சிவப்பில் மின்னியது. 'ஒரே பாதை இரண்டு முறை உள்ளது. ஒன்றை நீக்கவா?'

"நீக்கிடவாக்கா?" என்றான்.

நானே மௌசை வாங்கி, 'வேண்டாம்' என்று அழுத்தினேன். கண் கலங்கியது. ஜெரால்டு பார்த்துவிட்டான், முறுக்குக் காரம் என்று சொன்னேன்.

ஏப்ரல் 3

அக்காவை பிளாக்கிலிருந்து எடுத்தேன். விரல் பட்டிருக்கும்.